உங்கள் ஃபாரத்தில் நான் போட்ட டிக்

ஏனுங்க,

மழை பிடிப்பதற்குள் கம்பளித் துணிகளுக்கு வெயில் காட்டிவிடலாம் என்று இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நாப்தலின் உருண்டையும் தைலமும் கலந்த வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. அடியில் உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டர் கிடந்தது. இடது பக்கம், தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு நூல் தேய்ந்து வலை மாதிரி ஆகியிருந்தது. பூச்சி அரித்துவிட்டது என்று பூச்சியைத்தான் முதலில் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கருவி இருந்த இடம் அது. கடைசி இரண்டு வருஷமும் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையால் அதையே தடவிக்கொண்டிருந்தீர்கள். "வலிக்குதுங்களா?" என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. "கையை எடுங்க, தையல் பிரிஞ்சுடப் போகுது" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஸ்வெட்டரைத் துவைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உங்களுக்குக் கடிதம் எழுதியே நாற்பது வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய அந்த நான்கு கடிதத்தோடு சரி. அதற்கப்புறம் ஒரே வீட்டில் இருந்தோம், எழுதத் தேவையிருக்கவில்லை. பேசவும் உங்களுக்கு நான் தேவையில்லை. சுவர் கிடைத்தாலும் பேசுகிற மனுஷன் நீங்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அருவங்காட்டு ஃபேக்டரியில் உங்களை யாரும் இன்ஸ்பெக்ஷன்காரர் என்று சொல்ல மாட்டார்கள், ஹவுசிக்காரர் என்றுதான் சொல்வார்கள். கிளப்பில் குடும்ப விழா என்றால் ஹவுசி ஆட்டத்துக்குப் பைக்குள் கைவிட்டு எண்ணை எடுத்து மைக்கில் கூப்பிடுகிற வேலை உங்களுடையது. வெறும் எண்ணாக ஒன்றையும் கூப்பிட்டதில்லை. "பத்து! மோசே கொண்டுவந்த கட்டளை, ஒண்ணையும் நாம கடைப்பிடிக்கல!" "முப்பத்திரண்டு! வாய் நெறைய பல்லு, சில பேருக்கு மட்டும்!" "அறுபது! ரிட்டயர்டு, கேட்டைச் சாத்தியாச்சு, ஊட்டுக்குப் போங்க!" சீட்டில் எண்ணை அடிக்க மறந்துவிட்டுச் சிரிக்கும் கூட்டம். எனக்குக் கூச்சமாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் "கோமாளி மாதிரி என்னத்துக்குங்க இது?" என்பேன். "அம்மிணி, சிரிக்காம ஊட்டுக்குப் போனா அது என்ன ஞாயித்துக்கெழம?" என்பீர்கள்.

அறுபது உங்களுக்கு வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் வலது கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. கேஜ் வைத்து நூலளவு வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கிற கை. கொஞ்ச நாள் பேன்ட் பைக்குள் ஒளித்து வைத்திருந்தீர்கள். கிளப்பில் ஹவுசிப் பை நடுங்குவதை எல்லோரும் பார்த்தபோது நீங்களே மைக்கில் சொன்னீர்கள்: "இனி பையைக் குலுக்கற செரமம் இல்லீங்க, சும்மா புடிச்சா போதும்." எல்லோரும் சிரித்தார்கள். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

பார்க்கின்சன் என்று கோயம்புத்தூரில் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த ஏழு வருஷத்தைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை, அனுபவித்தது நீங்கள். ஆனால் என் பங்கைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்ததற்கு அதுதான் காரணம். பட்டன் போட்டுவிட்டேன். ஷேவ் செய்துவிட்டேன். டம்ளரில் பாதிதான் டீ ஊற்றுவேன், அந்தப் பாதியிலும் பாதி சட்டையில் போகும். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் உடம்பு பாம்பு மாதிரி நெளியும், அது தீர்ந்ததும் வாசல்படியில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவீர்கள். ஒரு கால் எடுத்து வைக்கப் பத்து நிமிஷம். பேங்க் ஃபாரம், பென்ஷனுக்கான வாழ்வுச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் நான்தான் எழுதுவேன். எனக்கு அது பெரிய வேலையா? கட்டபெட்டில் எஸ்டேட் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் அதைத்தானே செய்தேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் மேஜைக்கு முன்னால் வந்து நின்று பாதி சொல்வதற்குள் மீதியை நான் எழுதி முடித்துவிடுவேன். லீவு என்றால் காரணம் என்னவென்று முகத்தைப் பார்த்தே எழுதுவேன். "அக்காவுக்கு எல்லாந் தெரியும்" என்று கட்டைவிரலை மையில் அமுக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

மாத்திரைக்கு அடங்காது, ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். மண்டையில் துளையிட்டு மூளைக்குள் இரண்டு கம்பி, கழுத்து வழியாக அதை இறக்கி நெஞ்சுத் தோலுக்கடியில் தீப்பெட்டி மாதிரி ஒரு கருவி. அது விடாமல் அனுப்பும் மெல்லிய மின்சாரம் நடுக்கத்தை அடக்கும். நீங்கள்தான், "மோட்டாருக்கு கனெக்ஷன் குடுக்கற மாதிரிதானுங்க டாக்டர்? குடுங்க" என்றீர்கள்.

நினைவோடு வைத்துத்தான் செய்தார்கள். கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா, மின்சாரம் பேச்சைக் கெடுக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே வந்த டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "என்னம்மா உங்க வீட்டுக்காரர்? எண்ணச் சொன்னா ஹவுசி கூப்பிடறார். பத்துன்னதும் மோசே வந்துட்டார். தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சு, நான்தான் சும்மா இருங்கன்னு அதட்ட வேண்டியதாப் போச்சு." நானும் சிரித்தேன். உங்கள் குரலை நீங்கள் முழுசாக வைத்திருந்த கடைசி நாட்களில் ஒன்று அது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கருவியை ஓடவிட்ட அன்று உங்கள் கை மேஜைமேல் அசையாமல் கிடந்ததைப் பார்த்து நான் டாக்டர் காலில் விழப் போனேன். அவர் பதறி எழுந்துகொண்டார். வீட்டுக்கு வந்து டம்ளர் நிறைய டீ ஊற்றினேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தீர்கள். நானும் குழந்தை மாதிரி தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த சில மாதத்தில் உங்கள் குரல் இறங்கியது. முதலில் சளி என்றேன். பிறகு வயசு என்றேன். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, அதுவும் பக்கத்தில் வந்து நின்றால்தான் கேட்கும். பிறகு பேச்சே குறைந்தது. வாசலில் யார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. பேப்பர் விரித்த பக்கத்திலேயே இருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் வருவீர்கள், கூப்பிடாவிட்டால் பசி என்று சொல்ல மாட்டீர்கள். திருப்பூரிலிருந்து நம் மகள் போன் செய்வாள். "அப்பா எப்படிம்மா இருக்காரு? அவருகிட்ட குடுங்க." "அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்காரு. கை கொஞ்சங்கூட ஆடறதில்ல" என்று நானே சொல்லி நானே வைத்துவிடுவேன். நீங்கள் போனையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பார்த்தேன். பார்த்ததை மனசில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்தில் கோயம்புத்தூர் போனபோதுதான் அந்த ஃபாரம் வந்தது. நான்கு பக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளியின் நலம் எப்படியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காம். கடந்த ஒரு மாதத்தில் இப்படி இருந்ததா, அப்படி இருந்ததா என்று கேள்வி. ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, எப்போதும் என்று ஐந்து கட்டம். வெயிட்டிங் ஹாலில் நர்ஸ் அதை உங்கள் கையில்தான் கொடுத்தாள். நீங்கள் பேனாவுக்குக் கை நீட்டினீர்கள். ஏழு வருஷம் பேனா பிடிக்க முடியாத கை, ஆடாமல் அசையாமல் நீட்டிக்கொண்டிருந்தது. "நீங்க சும்மா உக்காருங்க, நான் போட்டுடறேன்" என்று நான் பிடுங்கிக்கொண்டேன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஒரு கேள்வியைக்கூட உங்களிடம் வாசித்துக் காட்டவில்லை. உடை அணிவதில் சிரமம் இருந்ததா? ஒருபோதும் இல்லை. எழுதுவதில்? ஒருபோதும் இல்லை. பேசுவதில்? பேசினால்தானே சிரமம், எப்போதாவது. பொது இடத்தில் கூச்சப்பட்டீர்களா? எங்கே போகிறார் கூச்சப்பட, ஒருபோதும் இல்லை. மனச்சோர்வு? அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை, அதெல்லாம் நம் வீட்டில் கிடையாது. தனிமையாக உணர்ந்தீர்களா? இருபத்துநாலு மணி நேரமும் பக்கத்தில் இருக்கிறவள் நான், என்னை அவமதிக்கிற கேள்வியாகத் தோன்றியது. அழுத்தியே போட்டேன்: ஒருபோதும் இல்லை. பத்து நிமிஷத்தில் முடித்துக் கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் உங்களிடம் நீட்டினேன். ஃபேக்டரியில் ஒரு பெட்டிச் சரக்கைப் பாஸ் செய்ய மூன்று தரம் அளந்து பார்ப்பீர்கள். அன்று ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். அழகான கையெழுத்து. அதைத்தான் நான் பார்த்துப் பூரித்தேன்.

டாக்டர் மார்க்கைப் பார்த்துவிட்டு, "பிரமாதம், இவ்வளவு நல்ல முன்னேற்றம் எல்லாருக்கும் வராது" என்றார். மூன்று மாதத்துக்கொரு முறை வரச் சொன்னதை ஆறு மாதமாக்கினார். மின்சார அளவை அப்படியே விட்டார். நல்லாயிருக்கிறவரை ஏன் தொட வேண்டும்?

அந்த ஆறு மாதத்துக்குள் கிறிஸ்துமஸ் வந்தது. கிளப்பிலிருந்து உங்களைக் கூப்பிட்டார்கள், பழைய ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள், ஹவுசி நீங்கள்தான் நடத்த வேண்டும் என்று. நீங்கள் மாட்டேன் என்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களே ஷேவ் செய்து, கோட்டுப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றீர்கள். முதல் எண்ணை எடுத்தீர்கள். உதடு அசைந்தது. "சத்தமா சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒருவர் மைக்கை வாயருகே கொண்டுவந்தார். இரண்டாவது எண். மைக்கில் புஸ்ஸென்று காற்றும் குழகுழவென்று ஏதோ ஒன்றும் வந்தன. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு அதைத் திரும்பப் பைக்குள் போட்டீர்கள். பையை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுகையில் நான் சொன்னேன்: "போனாப் போகுதுங்க. அத்தன பேரு முன்னால கை ஆடாம நின்னீங்களே, அதப் பாருங்க." பக்கத்தில் குனிந்திருந்ததால் உங்கள் பதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "கை ஆடிட்டுப் போகட்டும் அம்மிணி. நான் கூப்பிட்டிருப்பேன்."

அடுத்த தரம் போனபோது ஃபாரத்தைச் சரிபார்த்தது டாக்டர் இல்லை, புதிதாக வந்திருந்த சைக்காலஜிஸ்ட் பெண். நான் அப்போதும் அதையே செய்திருந்தேன், ஒரே வரிசையில் மேலிருந்து கீழே டிக். அவள் அதைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள்.

"இது யாருங்கம்மா போட்டது?"

"நாந்தானுங்க."

"சார் கை நல்லாத்தானே இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்கம்மா" என்றாள். நேற்றுப் பிறந்தது, என்னை வெளியே உட்காரச் சொல்கிறது! ஒரு மணி நேரம் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொருமிக்கொண்டிருந்தேன். கதவுக் கண்ணாடி வழியாக உங்கள் முதுகு தெரிந்தது. அவள் முன்னால் குனிந்து, காதை உங்கள் வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நடுவில் ஒரு தரம் எழுந்து உங்களுக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். நாற்பது வருஷத்தில் நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் உங்கள் முதுகைத்தான் பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டபோது மேஜைமேல் நீங்கள் போட்ட ஃபாரம் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். பேசுவதில் சிரமம்: எப்போதும். மனச்சோர்வு: அடிக்கடி. தனிமை: அடிக்கடி. நான் பட்ட பாட்டுக்கு இதுவா என்று காது சூடேறியது.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். மின்சாரம் பேச்சுக்கான நரம்பையும் தொடுகிறது போலிருக்கிறது, சோர்வுக்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நடுக்கம் கொஞ்சம் வரும். "சில வாரம் பாப்போம்மா. ஒத்துக்கலேன்னா எப்ப வேணும்னாலும் பழையபடி வச்சுக்கலாம்."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்த முகத்தில் அசைவு குறைந்து வெகுநாள் ஆகியிருந்தது, ஆனால் கண் கேட்டது. கெஞ்சியது என்றே சொல்ல வேண்டும். எனக்குப் பாதி டம்ளரும், நனைந்த சட்டையும், வாசல்படியில் நின்ற பத்துப் பத்து நிமிஷங்களும் ஒன்றாக முன்னால் வந்து நின்றன.

"வேண்டாங்க டாக்டர்" என்றேன். "அந்த நடுக்கத்த மறுபடியும் என்னால பாக்க முடியாதுங்க. எனக்கும் வயசாச்சு."

"அம்மா, நாங்க சாரைக் கேட்டோம்" என்றாள் அந்தப் பெண்.

நீங்கள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மேஜையைப் பார்த்தீர்கள். "இப்படியே இருக்கட்டுங்க" என்றீர்கள். அந்த இரண்டு வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மலையேறி வரும்போது காரில் நான் ஓயவில்லை. "நான் பக்கத்துலயே இருக்கறேன், உங்களுக்குத் தனிமையா? ஊருக்கெல்லாம் தெரியட்டும்னு எழுதிக் குடுத்தீங்களா?" என்று பர்லியார் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். கேட்டேனே தவிர, பதிலுக்கு நிறுத்தவில்லை. பர்லியாரில் நீங்கள் டிரைவர் தோளைத் தொட்டு, கடைப் பக்கம் கை காட்டினீர்கள். டீ. "ஒண்ணும் வேண்டாம், பனி எறங்குது, போலாம்" என்று டிரைவரிடம் சொன்னேன்.

ஐப்பசி மழையில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. சாப்பிடும்போது புரையேறுவது அதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்திருந்தது, மெதுவாகச் சாப்பிடுங்கள் என்று அதற்கும் திட்டினேன். குன்னூர் ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். உணவு நுரையீரலுக்குள் போயிருக்கிறது, இந்த நோயில் கடைசியில் இப்படித்தான் வரும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். கருவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். நல்ல மனுஷர், என்னைத் தேற்றுவதற்குச் சொன்னார். என் கணக்கு வேறு. அந்தச் சில வாரத்தை நான் உங்களுக்குக் கொடுத்திருந்தால் என்ன பேசியிருப்பீர்கள் என்பதுதான் என் கணக்கு. ஒருவேளை ஒன்றுமே மாறியிருக்காது. வெறும் நடுக்கம் மட்டும் திரும்பி வந்து, நீங்களே "பழையபடி வச்சிருங்க டாக்டர்" என்று சொல்லியிருக்கலாம். அதையாவது நீங்கள் சொல்லியிருப்பீர்கள் அல்லவா?

மூன்றாம் நாள் மத்தியானம் மகள் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள், மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டேன் என்று போன் செய்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. நர்ஸ் சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். என்னைத்தான் பார்த்தீர்கள். உதடு அசைந்தது, ஒரு தரம் இல்லை, இரண்டு மூன்று தரம். ஏதோ நீளமாகச் சொல்ல முயன்றீர்கள்.

"என்னங்கம்மா சொல்றாரு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"தண்ணி கேக்கறாருங்க" என்றேன்.

வாயில் ஊற்றக் கூடாதென்று பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். பஞ்சிலிருந்து வழிந்த நீரைத் துடைத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். உங்களுக்கு இன்னும் நினைவு இருந்தது. கண் திறந்தே இருந்தது. நர்ஸ் போனதற்கும் நீங்கள் ஒரேயடியாகக் கண் மூடியதற்கும் நடுவில் முழுதாக அரை மணி நேரம் இருந்தது நமக்கு, பக்கத்தில் வேறு யாரும் இல்லை. குனிந்து காதை வைத்து, "என்னங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த அரை மணி நேரமும் நான் உங்கள் காலுக்குப் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.